பிரித்தால் புரியும் என்பவர்களுக்கு

சிதம்பரம் வட்டாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சொற்பம். நகைக்கடைக்காரர்கள், வட்டிக்கடைக்காரர்கள், கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை நடத்துகிறவர்கள், பழைய மிராசுக் குடும்பங்களின் மிச்சம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியைப் பற்றிய ஒரு கருத்து மட்டும், அதைத் தொட்டே பார்க்காதவர்கள் வரைக்கும் பரவிக் கிடக்கிறது. "கைத்துப்பாக்கி என்ன ராக்கெட்டா? ரெண்டு ஸ்பிரிங், ஒரு பின், நாலு இரும்புத் துண்டு. மக்கர் பண்ணினால் வீட்டிலேயே பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடப் போகிறது. இதற்கு எதற்கு மெட்ராஸ் போக வேண்டும்?" டீக்கடையில் இதைச் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது.

இதைச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் அல்ல. அதனால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. கிள்ளையிலும் முடசல் ஓடையிலும் போய்ப் பாருங்கள். படகு எஞ்சினை மணலில் இறக்கி வைத்து, பம்ப்பைக் கழற்றி, நாஸிலை ஊதி, கேஸ்கட்டைப் பழைய டியூபில் வெட்டிப் போட்டு, மறுநாள் விடியற்காலையில் கடலுக்குப் போய்விடுகிறார்கள். கம்பெனி ஆள் வரும்வரை காத்திருந்தால் அவர்கள் அடுப்பு எரியாது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் மோட்டார் படகு ஓட்டுகிறவருக்கு நடுக் கால்வாயில் எஞ்சின் நின்றால் அவரேதான் மெக்கானிக். கைப்பழக்கத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் 'தொடாதே, தெரிந்தவனிடம் கொண்டு போ' என்றால் அது கோழையின் பேச்சாகவோ அதிகாரியின் பேச்சாகவோதான் காதில் விழும். இரண்டுமே இல்லை என்பதைக் காட்டுவதற்கு எஞ்சினிலிருந்தே தொடங்கலாம்.

எஞ்சின் நின்றுவிட்டால் நின்றதுதான். டீசலை அடைத்த பிறகு அது தானாக உயிர்பெற்று உங்கள் கையைக் கடிக்காது. அதன் அமைதி பாதுகாப்பான அமைதி. ஒரு குண்டு போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் விஷயத்தில் கணக்கு தலைகீழ். விசையை இழுக்கிறீர்கள், 'டிக்' என்று ஒரு சத்தம், குண்டு போகவில்லை. வீட்டு மெக்கானிக் அந்த நொடியில் பிஸ்டலைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கிறார். இது வேலை செய்யாமல் போன இயந்திரம் என்பது அவர் நினைப்பு. உண்மையில் வேலையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் இருக்கிற இயந்திரம் அது. தோட்டாவின் அடியில் உள்ள கேப் தட்டப்பட்டு, வெடிமருந்து உடனே பற்றாமல் தாமதித்துப் பற்றுவது உண்டு. அபூர்வம்தான், ஆனால் உண்டு. அதனால்தான் பயிற்சிக் களங்களில் துப்பாக்கி வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது 30 விநாடியாவது அசையாமல் நில் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சிலர் ஒரு நிமிடம் என்பார்கள்.

அடுத்த கோளாறு இன்னும் மோசம். சத்தம் வந்தது, ஆனால் வழக்கத்தைவிட மெலிதாக, 'புஸ்' என்று. மருந்து பலமில்லாமல் எரிந்து, குண்டு பாதிக் குழலிலேயே நின்றுவிட்டது. பார்வைக்கு எதுவும் தெரியாது. பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைக் கையால் இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும், விசையும் இயங்கும். 'சரியாகிவிட்டது' என்று சந்தோஷப்பட்டு இழுக்கிற அடுத்த இழுப்பில் முன்னால் அடைத்து நிற்கிற குண்டின் முதுகில் பின்னால் வருகிற குண்டு மோதுகிறது. நம் ஊரில் லைசென்ஸுக்குக் கிடைக்கிற .32 பிஸ்டல் தோட்டா சாதாரணமாகவே சதுர அங்குலத்துக்குச் சுமார் 20,000 பவுண்டு அழுத்தம் வரை எழுப்பக் கூடியது. வழி அடைபட்டால் அந்த அழுத்தம் குழலைத்தான் கிழிக்கும், அல்லது பிடித்திருக்கிற கையை.

பழைய தோட்டா என்றால் பலமில்லை, பலமில்லை என்றால் ஆபத்தில்லை என்று இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. இதற்கு ஆதாரமாக எம்.ஜி.ஆர். கதையை இழுப்பார்கள். பிச்சாவரத்தில் எம்.ஜி.ஆர். பேச்சு எடுக்காமல் படகு நகராது. 1975இல் வந்த 'இதயக்கனி'யின் காட்சிகள் இந்தக் கால்வாய்களில்தான் எடுக்கப்பட்டன, அதைச் சொல்லாத படகோட்டி அரிது. அங்கிருந்து பேச்சு 1967 ஜனவரி 12ஆம் தேதிக்குத் தாவும். ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவுக்கும் குண்டுக் காயம். இருவருமே பிழைத்தார்கள். தோட்டா ரொம்பப் பழசு, வீரியம் போயிருந்தது, அதனால்தான் பிழைத்தார்கள் என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் விளக்கம். அது சரியென்றே வைத்துக்கொள்வோம். வீரியம் போன அந்தத் தோட்டாதான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய நடிகரின் குரலை வாழ்நாள் முழுக்க மாற்றியது. அவரது பிற்காலப் படங்களில் வசனத்தைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். இதிலிருந்து 'பழைய தோட்டா சாது' என்ற பாடத்தை ஒருவர் எடுக்கிறார் என்றால் என்ன சொல்வது? வீரியம் குறைந்த தோட்டா நடுக்குழலில் குண்டை நிறுத்திவிட்டுப் போவதைத்தான் இப்போது பார்த்தோம். பழைய தோட்டா எதிரே நிற்கிறவருக்குக் குறைந்த ஆபத்தாக இருக்கலாம். பிடித்திருக்கிறவருக்குக் கூடுதல் ஆபத்து.

சரி, கோளாறு எங்கே இருக்கிறது? வீட்டில் பிரிக்கிறவருடைய கை நேராக இயந்திரத்தின் உள்ளே போகிறது. விசைத் தொகுதி, பின், ஸ்பிரிங். பிரிக்கச் சுவையான பகுதி அதுதான். ஆனால் செமி ஆட்டோமேட்டிக்கில் அடிக்கடி வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அங்கே பிறப்பதில்லை. தோட்டாவிலும், தோட்டா அடுக்கும் மேகசினிலும், அழுக்கிலும்தான் பிறக்கின்றன.

நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் தோட்டா வாங்க முடியாது, விலையும் கொஞ்சமல்ல, சுட்டுப் பழக இடமும் இல்லை. ஆகவே வாங்கிய பத்து இருபது தோட்டாவை வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஸ்லைடை இழுத்து மேல் தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுவது, இரவில் வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே எடுப்பது, மறுநாள் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுவது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் குண்டின் மூக்கு சேம்பருக்கு ஏறும் இரும்புச் சரிவில் முட்டுகிறது. முட்டி முட்டி, குண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளைக் கூட்டுக்குள் அமுங்குகிறது. தோட்டாவின் நீளம் குறைகிறது, ஏறும்போது சிக்குகிறது. அது மட்டுமானால் பரவாயில்லை, உள்ளே மருந்துக்கு இருக்க வேண்டிய இடம் குறைவதால் வெடிக்கும்போது அழுத்தம் ஏகத்துக்கு உயர்கிறது. பிஸ்டல் சிக்குகிறது என்று உரிமையாளர் இரும்புச் சரிவை எமரித் தாளால் தேய்க்கிறார். குற்றவாளி மேசை மேலேயே பளபளவென்று நிற்கிறது. அதைப் புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்திருந்தால் விஷயம் முடிந்தது.

.32 தோட்டாவுக்கே பிறவிக்குணம் ஒன்றும் உண்டு. அதை ஜான் ப்ரௌனிங் 1899இல் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்காக வடிவமைத்தார். அடிப்பகுதி விளிம்பு உடலைவிடச் சற்றே வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டார். மேகசினில் அடைக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் எந்த ஸ்பிரிங்காலும் அதைத் தள்ள முடியாது. பிஸ்டல் அப்படியே உறைந்து நிற்கும். இதற்குத் தீர்வு, மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியே எடுத்து, விளிம்பைப் பார்த்து ஒழுங்காக அடைப்பது. இது தெரியாதவர் மேகசின் உதடுகளைக் கட்டிங் பிளேயரால் கொஞ்சம் வளைத்துப் பார்க்கிறார், ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிடுகிறார். நீட்டிய ஸ்பிரிங் ஒரு வாரம் துள்ளிவிட்டு முன்னைவிடத் தளர்ந்துபோகும். வளைத்த உதடு இரண்டு தோட்டாவை ஒன்றாக விடும். ஒரு கோளாறோடு வந்தது, இப்போது மூன்று.

ப்ரௌனிங் என்றதும் ஒரு சிலர் வரலாற்றை எடுத்து வீசுவார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்து ப்ரௌனிங்தான், புதுச்சேரியில் வ.வே.சு.ஐயர் சுடப் பழக்கினார், அப்போது ஆயுதம் பழுதுபார்க்க எந்த ஆர்மரர் இருந்தார் என்பார்கள். நம் ஊருக்குப் பக்கத்து ஊர் விவகாரம் என்பதால் இதில் ஒரு பெருமையும் கலந்திருக்கும். பெருமை இருக்கட்டும். ஐயர் சொல்லிக் கொடுத்தது சுடுவதற்கு, ரிப்பேருக்கு அல்ல. மக்கர் செய்கிற பிஸ்டலோடு வாஞ்சி மணியாச்சிக்கு ரயில் ஏறவில்லை.

நம் கடற்கரையின் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடைவெளியில் கிடக்கிற ஊர்கள் இவை. கிள்ளையில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தை வந்து குடியேறியவர்கள் ஒரே மழைக்காலத்தில் தெரிந்துகொள்வார்கள். உப்பு ஈரம் இரும்பின் கறுப்புப் பூச்சுக்குள் புகுந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். இதில் கொடுமை என்னவென்றால், மிக அக்கறையானவர் பிஸ்டலைத் தோல் உறைக்குள்ளேயே போட்டு பீரோவில் பூட்டுகிறார். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த வேதிப்பொருளும் அதில் இருக்கும். உறைக்குள் நாள்கணக்கில் கிடக்கிற இரும்பு வெளியே கிடக்கிற இரும்பைவிட முந்தித் துருவேறும். அடுத்த அக்கறை, எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் அது பிசினாகி, தூசியைச் சேர்த்துக்கொண்டு ஸ்லைடை இழுத்துப் பிடிக்கும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயைத் தாராளமாக அடிக்கிறவர்களுக்கு வேறு பலன் கிடைக்கும். அது மெல்லக் கசிந்து தோட்டாவின் கேப்புக்குள் இறங்கி மருந்தைக் கெடுத்துவிடக் கூடும். பிறகு 'டிக்' மட்டும்தான் கேட்கும். உடனே பின்னைக் குறைசொல்லிப் பின்னைக் கழற்றுவார்கள்.

கழற்றிய அந்தப் பின் லேத் பட்டறைக்குப் போகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒரு நல்ல டர்னர் அந்தப் பின்னை அரை மணி நேரத்தில் கடைந்து தந்துவிடுவார், அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தால் போதாது, இரும்பின் கடினமும் வேண்டும். மென்மையான இரும்பில் செய்த பின்னின் நுனி காளான்போல விரிந்து ஓட்டைக்குள்ளேயே சிக்கி, முன்னால் நீட்டிக்கொண்டே நின்றுவிடும். அப்படி நின்ற பிஸ்டலில் ஸ்லைடு மூடும்போதே, விசையைத் தொடாமலே, தோட்டா வெடிக்க வாய்ப்பு உண்டு. ஒரு மயிரிழை நீளம் கூடிவிட்டால் கேப்பைக் குத்திக் கிழித்துச் சூடான வாயு பின்பக்கமாக முகத்தை நோக்கி வரும். உள்ளே விசையோடு கொக்கிபோட்டு நிற்கிற முனைகளைத் தேய்த்து 'ஸ்மூத்' ஆக்கித் தருகிறேன் என்பவர்கள் வேறு. ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு என்ற ஒழுங்கே அந்த முனைகளில்தான் இருக்கிறது. அது கெட்டால் கீழே போட்டாலே வெடிக்கும் பிஸ்டலும், நிறுத்தாமல் சுடும் பிஸ்டலும் பிறக்கும். இரண்டாவது வகைக்கு ஆயுதச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று பெயர். லைசென்ஸ் வைத்திருந்தவர் ஒரு அரத்தின் புண்ணியத்தில் மறுநாள் காலையில் தடைசெய்யப்பட்ட ஆயுதத்தின் சொந்தக்காரராக விழிக்கலாம்.

ரிப்பேர் ஆனதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுட்டுப் பார்க்க வேண்டும். எங்கே? இந்தக் கேள்விக்கு வீட்டு மெக்கானிக்கிடம் இருக்கும் ஒரே பதில், 'ஆள் இல்லாத இடத்தில்'. பிச்சாவரத்தைச் சுற்றி ஆள் இல்லாத இடம் என்று எதைச் சொல்வார்? கால்வாய் ஓரத்தில் சுரபுன்னை வேருக்கடியில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் கையால் இறாலும் நண்டும் தடவிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் தலை வேர்களோடு வேராகத்தான் தெரியும். தண்ணீரில் சுட்டால் குண்டு மூழ்கிவிடும் என்பது சினிமாவில் கற்ற பாடம். சாய்வாகப் போன குண்டு நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து எங்கேயோ போகும். கைக்கு அடக்கமான .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். போதாக்குறைக்கு இது 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த காடு, வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம். இங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் வனத்துறை முதலில் பறவை வேட்டை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இதைப் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை நினைத்துப் பார்க்கட்டும். 2021 டிசம்பர் 30 அன்று அங்கே முறையான சுடுதளத்தில், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரின் முறையான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சை மருத்துவமனையில் சில நாள் போராடி 2022 ஜனவரி 3இல் இறந்துபோனான். அதிகாரிகள் இருந்த இடத்தில் நடந்தது இது. கிள்ளை வாய்க்கால் கரையில் ஒருவர் 'ஒரு ரவுண்டு போட்டுப் பார்க்கிறேன்' என்று கிளம்புவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வீட்டு ரிப்பேர் கட்சியின் கையில் இருக்கும் ஆகச் சிறந்த வாதம் வேறு. அதை அவர்களே சரியாக எடுத்து வைப்பதில்லை, நான் வைக்கிறேன். நரிக்குறவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் நாட்டுத் துப்பாக்கியைத் தாங்களே செப்பனிட்டுக்கொள்கிறார்கள். பட்டறைக்கும் போவதில்லை, புத்தகமும் படிப்பதில்லை. அவர்களால் முடிந்தது படித்தவர்களால் முடியாதா? இந்த வாதத்துக்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பாக்கி அறிவு என்று தமிழ்நாட்டில் மக்களிடம் புழங்குகிற அறிவு ஒன்று உண்டென்றால் அது அவர்களிடம்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அவர்கள் அந்த அறிவோடு ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் அவர்கள் கையில் இருப்பது என்ன? வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியையோ நாரையோ திணித்து, ரவையைப் போட்டு, மறுபடி திணித்து, கம்பியால் இடிக்கும் துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் அடுத்த முறைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே மருந்து இருக்கிறதா என்ற ஐயம் வந்தால் கம்பியைக் குழலுக்குள் விட்டாலே போதும், கம்பி எவ்வளவு இறங்குகிறது என்பதே பதில். செமி ஆட்டோமேட்டிக் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். மேகசினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால் பிஸ்டல் காலி என்று கை நம்பிவிடும். முன்னமே ஏறிய ஒரு தோட்டா சேம்பரில் உட்கார்ந்திருக்கும். மேகசினைக் கழற்றும் முன்பே ஸ்லைடை இழுத்தவர் கதை இன்னும் பரிதாபம். உள்ளே இருந்த தோட்டா வெளியே துள்ளி விழுவதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார், ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்ததை ஏற்றிக்கொண்டுவிட்டது. பல பிஸ்டல்களைப் பிரிப்பதற்கு முன் விசையை ஒரு முறை இழுத்தாக வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது குண்டு பாய்ந்து ஒருவர் பலி என்று பத்திரிகையில் வருகிற செய்திகளில் பல இந்த வரிசைப் பிசகில்தான் பிறக்கின்றன. நரிக்குறவரின் அறிவு அவர் துப்பாக்கிக்கான அறிவு. அதை .32 பிஸ்டலுக்குக் கடன் வாங்க முடியாது. நாட்டுத் துப்பாக்கியும் குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும் என்பதை அவர்களிடமே கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

'நான் ராணுவத்தில் இருந்தவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுவேன்' என்பவர் அடுத்து வருவார். நிச்சயம் மாட்டுவார். ஆனால் அவரது படைப்பிரிவு அவருக்குக் கற்றுக் கொடுத்தது சுத்தம் செய்வதற்காகப் பிரிக்கும் அந்த நாலைந்து பாகங்களை மட்டும். அதற்கு உள்ளே போக வேண்டியிருந்தால் ஆயுதம் ஆர்மரரிடம் போனது, அவராலும் முடியாவிட்டால் ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யின் ஒர்க்ஷாப்புக்குப் போனது. இருபது வருடம் துப்பாக்கியோடு வாழ்ந்த சிப்பாய்க்கே ராணுவம் கொடுக்காத உரிமையை, ஓய்வு பெற்ற பிறகு பழைய கைப்பழக்கம் எப்படிக் கொடுக்கும்? போலீஸிலும் அதே ஏற்பாடுதான், மாவட்ட ஆயுதப்படையில் ஆர்மரர் இருக்கிறார். மற்றபடி, போனில் அமெரிக்காக்காரர் பிரித்துக் காட்டும் வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையில் இருப்பது வேறு மாடல், அவருக்கு உதிரி பாகம் தபாலில் வந்து சேரும், அவர் ஊர்ச் சட்டமும் வேறு.

நம் ஊர்ச் சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் சொல்கிற அதே மூச்சில் மாற்றியமைப்பதையும் பழுதுபார்ப்பதையும் சோதிப்பதையும் சேர்த்தே சொல்கிறது. எல்லாவற்றுக்கும் தனி உரிமம் வேண்டும். வைத்திருக்கக் கொடுத்த லைசென்ஸ் பழுதுபார்க்கக் கொடுத்த லைசென்ஸ் ஆகாது. இதை மீறினால் 25ஆம் பிரிவில் முன்பு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை தண்டனை இருந்தது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை 7 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று உயர்த்திவிட்டது. துடைப்பதும் எண்ணெயிடுவதும் பராமரிப்பு, அதை யாரும் குற்றம் என்று சொல்லப் போவதில்லை. பின்னைக் கடைந்து கொடுத்த டர்னர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நூறோ இருநூறோ கூலி வாங்கியவர், அது எதற்கான பின் என்றே கேட்காதவர், அதே பிரிவுக்குள் வந்து நிற்கிறார். சொந்தத் துணிச்சலுக்கு அடுத்தவரைப் பணயம் வைக்கிற இந்தப் பெருந்தன்மையைத்தான் டீக்கடையில் 'கைவேலை' என்று மெச்சுகிறோம்.

எதிர்க்கட்சியின் ஒரு புகாரை மட்டும் நான் மறுக்கப் போவதில்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. உரிமம் பெற்ற ஆயுதக் கடையைத் தேடி வெளியூர்ப் பெருநகரத்துக்குத்தான் ஓட வேண்டும். பிஸ்டலைக் காலி செய்து, தோட்டாவைத் தனியே வைத்து, லைசென்ஸ் புத்தகத்தோடு பஸ்ஸில் போய், ரசீது வாங்கி, கொடுத்துவிட்டு வந்து, மறுபடி போய் வாங்கி வர வேண்டும். வெளிநாட்டுப் பிஸ்டல் என்றால் எண்பதுகளில் இறக்குமதி நின்றபோதே உதிரி பாகமும் நின்றுவிட்டது. திருச்சியில் 1966இலிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது, ராணுவத்துக்கு ரைபிள் செய்கிறார்கள். ஆனால் சிதம்பரத்து நகைக்கடைக்காரருக்கு ஒரு எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் வேண்டுமென்றால் திசை தெரியாமல் அலைய வேண்டியிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்கிற அரசு, போலீஸ் விசாரணை, தாசில்தார் அறிக்கை என்று மனிதரைத் துருவித் துருவிப் பார்க்கிறது. அவர் கையில் இருக்கும் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு ஆர்மரரைக் கொண்டு பார்க்கும் ஏற்பாடு எங்கே? கடலூர் ஆயுதப்படையின் ஆர்மரர் மாதத்தில் ஒரு நாள், கட்டணம் வாங்கிக்கொண்டே, லைசென்ஸ்காரர்களின் ஆயுதத்தைப் பார்த்துத் தந்தால் வானம் இடிந்து விழாது. கேட்க வேண்டியது இதை. 'அரசு ஏற்பாடு செய்யவில்லை, ஆகவே நானே அரத்தை எடுக்கிறேன்' என்பது புகாருக்கு விடையாகாது.

அப்படியானால் உரிமையாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? இல்லை, அவருக்கு வேலை இருக்கிறது, ஆனால் எல்லை தெரிந்த வேலை. சிக்கியதும் விரலை விசையிலிருந்து எடுப்பது, வாயை வெறும் மண் இருக்கும் பக்கம் வைத்துக் காத்திருப்பது. பிறகு மேகசின், அதன் பிறகே ஸ்லைடு, கடைசியில் சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்ப்பது. தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, பிஸ்டல் கூடவே வந்த புத்தகம் சொல்கிற அளவுக்கு மட்டும் பிரித்துத் துடைத்து, லேசாக எண்ணெய் காட்டுவது. பழைய தோட்டாக்களைக் கடையில் ஒப்படைத்துப் புதிது வாங்குவது, இன்னொரு மேகசின் இருந்தால் மாற்றிப் பார்ப்பது. கோளாறுகளில் பாதி இங்கேயே காணாமல் போகும். போகவில்லை என்றால் அவர் வேலை முடிந்தது. ஸ்லைடு நகரவே மறுத்து, தோட்டா உள்ளேயே நிற்கிறது என்றால் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறக் கூடாது, சுத்தியலும் எடுக்கக் கூடாது. பூட்டி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்து, ஆர்மரரை வரவழைக்கச் சொல்வதுதான் வழி. இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்றைச் சொல்வார்கள்: "ரிப்பேருக்குக் கொடுத்தால் இரண்டு மாதம் ஆகும், அதுவரை பாதுகாப்புக்கு என்ன செய்வது?" ஒவ்வொரு தேர்தலுக்கும் அறிவிப்பு வந்ததும் இவர்களே வரிசையில் நின்று துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். வாக்கு எண்ணி முடிந்து, நடத்தை விதி விலகி, திரும்ப வாங்குவதற்குள் அதே இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. அந்த நாள்களில் நகைக்கடை திறக்கத்தான் செய்கிறது, இறால் பண்ணைக்குத் தீவனம் போகத்தான் செய்கிறது, இவர்களும் வீட்டில் தூங்கித்தான் எழுகிறார்கள்.